எடை கழிக்கும் தொழில்: இருங்காட்டுக்கோட்டையின் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் உள்ள இருங்காட்டுக்கோட்டை, 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் கார்த் தொழிற்சாலையின் பெயரோடு சேர்த்தே பெரும்பாலும் அறியப்படுகிறது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அங்கு ஒரு மோட்டார் பந்தயத் தடம் திறக்கப்பட்டது என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 1953இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்திய பின், தனக்கெனச் சொந்தமாக அமைத்துக்கொண்ட இத்தடம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுடையது. வளைவுகள் நிறைந்த சுற்றுப் பந்தயங்களோடு, குறுகிய நேர்ப்பாதையில் இரண்டிரண்டு வண்டிகளாக முடுக்கி ஓட்டும் டிராக் பந்தயங்களும் இங்கு நடக்கின்றன. உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகிவிட்ட டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் உயிரோடு உலவும் இடங்களுள் ஒன்று இந்த டிராக் பந்தயம். அவற்றின் எடையைக் குறைப்பதைப் பிழைப்பாகவும் பித்தாகவும் கொண்ட மெக்கானிக்குகளின் வேலைதான் இங்கே பேசப்படுகிறது.

டூ ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் ஒரு வெடிப்பு நிகழ்ந்துவிடும் எஞ்சின். வால்வுகளும் அவற்றை இயக்கும் உறுப்புகளும் இல்லாததால் அது இயல்பிலேயே இலேசானது, ஆனால் எரியாத எரிபொருளையும் எண்ணெய்ப் புகையையும் கக்குவது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் சேர்ந்து 1985இல் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 100, 98 சிசி கொள்ளளவும் 11 குதிரைத்திறனும் சுமார் 100 கிலோ எடையும் கொண்டது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதை ஒட்டி 1996இல் அதன் உற்பத்தி நின்றது. அதே யமஹாவின் இன்றைய தொழிற்சாலை, தடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத வல்லம் வடகாலில் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைச் செய்துகொண்டிருக்க, பழைய டூ ஸ்ட்ரோக்கோ சென்னையின் சிறு பட்டறைகளில், பழைய வாகன உறுப்புகளின் சந்தையான புதுப்பேட்டையின் சாமான்களைக் கொண்டு மறுபடி மறுபடி பிரித்துக் கோக்கப்படுகிறது.

எடை ஏன் இவ்வளவு பொருட்படுத்தப்படுகிறது என்பதை எளிய கணக்கே காட்டிவிடும். 100 கிலோ வண்டியின் மேல் 60 கிலோ ஓட்டுநர் அமர்ந்தால் 11 குதிரைத்திறன் 160 கிலோவை இழுக்கிறது. வண்டியில் 20 கிலோ குறைத்துவிட்டால், எஞ்சினைத் தொடாமலேயே, புறப்பாட்டில் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன் கூடியதற்கு ஒப்பான பலன் கிடைக்கிறது. வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பே பெரும் தடையாகி எடையின் பங்கு சுருங்கிவிடும் என்பதால், இந்த ஆதாயம் முழுவதும் முதல் சில விநாடிகளில் ஈட்டப்பட வேண்டியது. டிராக் பந்தயமோ அந்தச் சில விநாடிகளால் மட்டுமே ஆனது.

உலகின் மறுகோடியிலும் இதே கணக்கைப் போடுகிறவர்கள் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூ என்னும் பனி வண்டியின் வழிவந்த மலையேற்ற வண்டிகளும் நெடுங்காலம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினையே நம்பியிருந்தன. மென்பனியில் எடை மிகுந்த வண்டி புதைந்துபோகும் என்பதால், பழைய வண்டி வைத்திருப்போர் கனமான சைலன்சரையும் பேட்டரியையும் இருக்கையையும் மாற்றி அதை இலேசாக்குகிறார்கள். வெண்பனியும் இருங்காட்டுக்கோட்டை வெயிலும் எதிரெதிரானவை என்றாலும், முதலில் கழற்றப்படும் உறுப்புகளின் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றாகவே இருக்கிறது.

அந்த முதற்கட்ட வேலைக்குப் பெரிய தேர்ச்சி தேவையில்லை. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனிடமே அது ஒப்படைக்கப்படுகிறது. ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன், சென்டர் ஸ்டாண்ட், பின்னால் அமரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பொருத்தப்படும் சாரி கார்டு ஆகியவை ஸ்பானர் பட்டவுடன் வந்துவிடும். ஆர்எக்ஸ் 100இல் தீப்பொறிக்கான மின்சாரம் எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டிலிருந்தே கிடைப்பதால் பேட்டரியையும் எடுத்துவிடலாம். எண்ணெயைத் தானே ஊட்டும் பம்பையும் அதன் தொட்டியையும் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே அளவறிந்து எண்ணெய் கலந்துகொள்வது பழைய வழக்கம். இதற்குப் பின்தான் மாஸ்டர் என்றோ அண்ணன் என்றோ அழைக்கப்படும் மூத்தவரின் வேலை தொடங்குகிறது, ஏனெனில் இனி எடுக்கப்படுபவை எல்லாம் ஏதோ ஒரு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவை.

சைலன்சர் இவற்றுள் சிறப்பான கவனத்துக்கு உரியது. கம்பெனி சைலன்சரின் தடித்த தகட்டுக்கும் உட்தடுப்புகளுக்கும் பதிலாக, மெல்லிய தகட்டைக் கூம்புகளாக வெட்டிச் சுருட்டி, ஒன்றோடொன்று பற்றவைத்து, நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற குழல் செய்யப்படுகிறது. வெளியேறும் புகையோடு ஓடும் அழுத்த அலை, பின்கூம்பில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் தப்பிச் செல்லப் பார்க்கும் புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுவதற்காகவே இந்த வடிவம்; குழலின் நீளம் சிறிது மாறினாலும் அலை திரும்பும் நேரம் மாறி, ஆற்றல் வேறொரு சுழற்சி வேகத்துக்கு நகர்ந்துவிடும். எடையும் ஆற்றலும் ஒரே உறுப்பில் சேர்ந்து தீர்க்கப்படும் இவ்விடத்தில், காகிதத்தில் வரைந்து வெட்டிய மாதிரித் துண்டுகளும் பல வண்டிகளில் பெற்ற செவிப்பழக்கமும் அளவுகோலாகின்றன. ஓசையைக் கேட்டே குழலை நீட்டவோ குறைக்கவோ சொல்லும் திறன், அருகிலுள்ள ஒரகடம் நெடுகிலும் உள்ள வாகனத் தொழிற்சாலைகளின் கணினிக் கணக்கீடுகளுக்கு மாற்று ஆகாது. ஆயினும் அதை வெறும் குருட்டு அனுபவம் என்று தள்ளுவோர் அதன் முடிவுகளை நேரில் பார்க்காதவர்களாகவே இருக்க வேண்டும்.

சுழலும் உறுப்புகளில் குறையும் எடைக்கு மதிப்பு அதிகம். சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு கிலோவை முன்னோக்கி நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டியிருப்பதால், முடுக்கத்தில் அது ஏறத்தாழ இரண்டு கிலோவாகவே கணக்காகிறது; அதனால்தான் 18 அங்குல இரும்பு ரிம்மை மாற்றி அலுமினிய ரிம்மில் ஸ்போக் கட்டுவது செலவு பாராமல் செய்யப்படுகிறது. மேக்னெட்டை லேத்தில் கடைந்து மெலியவைத்தால் எஞ்சின் சட்டென்று வேகமெடுக்கும், ஆனால் கிளட்ச் விடும் கணத்தில் வண்டியை உந்தித் தரும் சேமிப்பாற்றல் குறைந்து எஞ்சின் திணறும். மிகையாகக் கடைந்த மேக்னெட் உயர்ந்த சுழற்சியில் சிதறவும் கூடும்.

உலோகத்தை மாற்றுவதைவிட, உள்ள உலோகத்தில் வேண்டாததை அகற்றுவது மலிவு என்பதால் துளையிடுதல் இத்தொழிலின் பெரிய மயக்கமாக இருக்கிறது. உருண்ட இரும்பு அச்சின் விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவே நீளத் துளையிட்டால் எடையில் நான்கில் ஒரு பங்கு போய்விடும், வளைவைத் தாங்கும் வலுவிலோ பதினாறில் ஒரு பங்கே குறையும். உலோகத்தின் மையப்பகுதி பாரத்தில் மிகச் சிறிய பங்கையே சுமக்கிறது என்பது இதன் காரணம். ஆனால் இழுவிசை தாங்கும் தட்டையான பட்டையில் குறுக்கே துளையிட்டால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்கு வரை உயரும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இலேயே கணக்கிட்டுக் காட்டினார். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டு துளைகளுள் முன்னது அறிவுடைமை, பின்னது பல நேரம் விபத்துக்கு விதை; பெடலிலும் பிரேக் லீவரிலும் வரிசையாகப் போடப்படும் அழகுத் துளைகளில் பெரும்பாலானவை சில கிராம்களுக்காக ஏற்கப்படும் வீண் ஆபத்து என்றே சொல்ல வேண்டும். அலுமினியமும் எளிய விடை அன்று: அதன் அடர்த்தி இரும்பின் மூன்றில் ஒரு பங்கு என்றால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான், ஆகவே அதே அளவில் செய்த அலுமினிய உறுப்பு இலேசாக இருந்தாலும் அதிகம் வளையும்.

இருக்கையும் வால்பகுதியும் ஃபைபரில் வார்க்கப்படுகின்றன. அச்சின் மேல் மெழுகு பூசி, கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினும் ஹார்டனரும் கலந்து தூரிகையால் ஊறவைத்து, காய்ந்தபின் ஓரங்களைத் தேய்த்தெடுப்பது முறை. தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூள் தோலில் குத்தி நாள்முழுதும் அரிப்பதோடு நுரையீரலுக்கும் தீங்கு செய்யும், ரெசினின் நெடியோ தலையைச் சுற்றவைக்கும். முகமூடிக்கும் கையுறைக்கும் ஆகும் செலவு ஒரு ரிம்மின் விலையோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது என்ற நிலையில், வெறுங்கையோடு இவ்வேலை நடப்பதற்குச் சிக்கனத்தைக் காரணம் காட்ட முடியாது.

எடை போனதும் அது விட்டுச்சென்ற வேலைகள் தலைகாட்டுகின்றன. முன்பாரம் குறைந்த வண்டி கிளட்ச் விட்டவுடன் முன்சக்கரத்தைத் தூக்குவதால், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மை நீட்ட வேண்டியிருக்கிறது; நீட்டுவதற்கு இரும்பு சேர்க்கப்படுவதால், கழித்த எடையில் ஒரு பகுதி வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. குறைந்தபட்ச எடை விதிக்கப்பட்ட பந்தயப் பிரிவுகளில் அளவுக்கு மேல் மெலிந்த வண்டிக்கு ஈயக்கட்டி பொருத்த நேரும், எனினும் அந்த உழைப்பு வீணாவதில்லை, ஏனெனில் கட்டியைத் தரைக்கு அருகில், வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை அதனால் கிடைக்கிறது. இனியும் வண்டியில் குறைக்க எதுவும் இல்லாதபோது பார்வை ஓட்டுநரின் மேல் விழுகிறது. பந்தயத்துக்கு முன் தண்ணீரைக் குறைத்து உடலை வற்றவைப்பது, தோலுடையும் தலைக்கவசமும் அணிந்து தார்த்தடத்தில் காத்திருக்க வேண்டிய இந்த ஊர் வெயிலில், எந்த ஆதாயத்தாலும் ஈடுகட்ட முடியாத மடமை.

இவ்வாறு மாற்றப்பட்ட வண்டியைச் சாலையில் ஓட்ட, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை. ஆகவே அது குட்டியானை என்று பெயர்பெற்ற டாடா ஏஸ் வண்டியில் கயிறு கட்டித் தடத்துக்கு வந்து, அவ்வாறே திரும்புகிறது. திரும்பியதும் சேசியின் கழுத்துப் பகுதியிலும் வெல்டிங் ஓரங்களிலும் விரிசல் தேடப்படுகிறது: மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்பு பூசினால், விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து வெண்மையில் கோடாகத் தெரியும். பழைய ஆர்எக்ஸைப் புதிதுபோல் மீட்டெடுத்து வைத்துக்கொள்ள விரும்புவோர் பெருகி, அசல் உறுப்புகளின் விலை ஏறிவிட்டதால், சேசியைக் கிரைண்டரால் வெட்டும் துணிச்சல் இப்போது குறைந்து, போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றங்களே விரும்பப்படுகின்றன. கழற்றிய சாரி கார்டும் ஹெட்லைட்டும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வைக்கப்படுவதற்கு, என்றாவது வண்டியை விற்க வேண்டிவரும் என்ற கணக்கே காரணம்.