ஆத்தங்குடி டைல்ஸ்... பாத்ரூமில் எங்கே போடலாம், எங்கே கூடாது?

காரைக்குடியிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆத்தங்குடி வந்துவிடும். சிவகங்கை மாவட்டத்தின் இந்தச் சின்ன ஊரில் பட்டறைகள் எல்லாம் கொட்டகைகள்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பூப்போட்ட கற்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஹாலுக்கும் பூஜை அறைக்கும் கல் வாங்க வருபவர்கள் அதிகம். பழைய பாத்ரூமை இடித்துப் புதிதாகக் கட்டுபவர்களுக்கும் இந்த அழகின் மேல் ஒரு கண் உண்டு. 'இந்தக் கல் பாத்ரூமுக்குத் தாங்குமா?' என்பதுதான் அவர்களின் கேள்வி. பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது.

சூளை இல்லாத பளபளப்பு

ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, சிமென்ட்டில் கரைத்த வண்ணங்களைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும், ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமென்ட் - மணல் கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல், வெயிலில் காய்ச்சல். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் பதிந்திருக்கும்.

அதனால்தான் இது பாத்ரூமில் யோசித்துப் போட வேண்டிய கல். எவ்வளவு பளபளத்தாலும் இது சிமென்ட். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் முகம் அரித்துப்போகும். மஞ்சளும் ஹேர் டையும் கறையாக இறங்கும். எண்ணெய்க் குளியல் அன்று ஈரத்தோடு எண்ணெயும் சேர்ந்தால் கால் வழுக்கும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அழகைவிட இதுதான் முக்கியம்.

செட்டிநாட்டு வீடு சொல்லும் பாடம்

ஆத்தங்குடி அரண்மனைக்கோ, பக்கத்தில் கானாடுகாத்தானுக்கோ போனால் தரையைக் கவனியுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று செட்டிநாட்டு வீடு நீளமாகப் போகும். வண்ணக் கற்கள் உட்கார்ந்து பேசும் இடத்திலும் நடக்கும் இடத்திலும்தான். மழை விழும் முற்றத்தைப் பல வீடுகளில் ஒரு படி தாழ்த்தி, கருங்கல் பாவியிருப்பார்கள். கிணறும் குளியலும் பின்பக்கம். எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே கால் மட்டும் படும் என்று பார்த்துத்தான் கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே கணக்கை 8 அடிக்கு 5 அடி பாத்ரூமுக்கும் போடலாம். கதவை ஒட்டி வாஷ்பேசின், நடுவில் கமோடு, கடைசியில் ஷவர். முதல் 3 அடி உலர்ந்த பகுதி. ஆத்தங்குடிக் கல் அங்கே அழகாக இருக்கும். பேசினுக்குப் பின்னால் சுவரிலும் பதிக்கலாம். ஷவர் பகுதியை ஓர் அங்குலமாவது தாழ்த்தி, சொரசொரப்பான ஆன்டி - ஸ்கிட் டைல்ஸ் போடுங்கள். அங்கே சின்ன அளவு டைல்ஸ்தான் நல்லது. இணைப்புக் கோடுகள் கூடுவதால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும், வாட்டம் கொடுக்கவும் சுலபம். 5 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும்.

ஆர்டர் கொடுக்கும் முன்

• உலர்ந்த பகுதி 15 சதுர அடி என்றால், 10 அங்குலக் கல் 22 வேண்டும். உடைசலுக்கும் சேர்த்து 25 வாங்குங்கள். கைவேலை என்பதால் அடுத்த முறை அதே நிறம் அச்சு அசலாகக் கிடைக்காது.

• சாதாரண டைல்ஸைவிட இது தடிமன். கலவையும் சேர்ந்தால் தரை உயரும். கதவு இடிக்குமா, பாத்ரூம் தரை அறையின் தரையைவிடத் தாழ்வாக இருக்குமா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள்.

• டைல்ஸ் ஒட்டும் முன் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தண்ணீர் கட்டி ஒரு நாளாவது விடுங்கள். கீழ்த்தளத்தில் ஈரம் தெரியாவிட்டால் மட்டும் அடுத்த வேலை.

• கமோடுக்கும் ஷவருக்கும் பக்கத்தில் கைப்பிடி வையுங்கள். எங்கே வரும் என்பதைச் சுவர் பூசும்போதே கொத்தனாரிடம் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறந்தால் இன்னும் நல்லது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால், அவரை இடிக்காமல் கதவைத் திறக்கலாம்.

• போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாயின் நுனி அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவும்படியான நுனி உள்ள குழாயாக வாங்குங்கள்.

பதித்த பிறகு பராமரிப்பு எளிது. தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பது செட்டிநாட்டு வழக்கம். ஹாலுக்கு அது சரி, பாத்ரூமில் வேண்டாம். காரம் இல்லாத சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்தினால் போதும். ஆசிட் பாட்டிலை மட்டும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஆத்தங்குடிக்குக் கிளம்பும்போது பாத்ரூமின் நீள அகலத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தண்ணீர் படும் இடத்தை அதில் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். மீதி இடத்துக்கு எந்தப் பூ, எந்த நிறம் என்பதைப் பட்டறையில் நின்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.