கிழித்த தாளும் தைத்தேனியத் தகடும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, எம்மிடம் இலக்கியக் கட்டுரையையே எதிர்பார்த்திருப்பர். நாமோ உலோகத் தகடு ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தோம். தமிழாசிரியருக்கு இஃது ஏன் என அன்பர்கள் வினவலாம். எமக்கு ஒரு பழங்கடன் உண்டு. அதனைத் தீர்க்க வேறு வழி தோன்றவில்லை.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி முடித்து, 2002ஆம் ஆண்டிலே நங்கல்லூரியிற் கடமையேற்றோம். அவ்வாண்டு ஒருநாள் ஒன்பதாம் வகுப்பிலே, சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை கூறும் மதுரை மதிற்பொறிகளை விரித்துரைத்துக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எம்மை நோக்காது கொப்பியிலே ஏதோ கீறிக்கொண்டிருந்தான். பறித்துப் பார்த்தோம். சில்லுகளும் பற்களும் பூண்ட பொறி ஒன்று தாள் நிறைய நின்றது. "தமிழ்ப் பாடத்திலே விளையாட்டோ?" என்று சினந்து அத்தாளைக் கிழித்தெறிந்தோம். வகுப்புச் சிரித்தது, அவன் தலைகுனிந்திருந்தான். அடுத்த மணி அடித்ததும் நாம் அதனை மறந்தோம்.

2024ஆம் ஆண்டிலே தமக்கையார் மகளின் திருமணத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்றிருந்தோம். எமது வருகையை யார்வாயிலாகவோ அறிந்து, அம்மாணவர் தாமே மோட்டார்க் காரிலே வந்து எம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். தேநீர் அருந்தியதும், "சேர், மகன் ஒரு சாமான் காட்டவேணுமாம்" என்று வீட்டின் பக்கத்தேயுள்ள கார்க்கொட்டகைக்குக் கூட்டிப்போனார். ஆங்கே பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், கையகலப் பொறி ஒன்றைத் திருகாணி கழற்றிப் பரப்பி வைத்திருந்தான்.

பொறிகளை ஒன்றோடொன்று பொரவிடும் விளையாட்டு ஒன்று மேனாடுகளிலே வழங்குகின்றது. 1994ஆம் ஆண்டிலே மார்க் தோப் என்பவர் சான் பிரான்சிஸ்கோ நகரிலே இதற்குப் பெரும் போட்டி ஒன்றை நடத்தினார். 1998 முதல் பிரித்தானியத் தொலைக்காட்சியிலும் இது காட்டப்பட்டமையால் வீடுதோறும் பரவிற்று. மல்லர்களைப் போலப் பொறிகளுக்கும் எடைப் பிரிவுகள் உள. இச்சிறுவனுடையது ஒன்றரைக் கிலோகிராம் பிரிவு. சுழலும் ஆயுதம், மோட்டார், மின்கலம், சில்லு யாவும் அவ்வெடைக்குள் அடங்கவேண்டும். எஞ்சுவதே கவசத்துக்கு உரியது. முந்திய போட்டியிலே எதிரியின் சுழல்வட்டு இவனுடைய அலுமினியத் தகட்டைக் கடதாசிபோற் கிழித்துவிட்டதாம். ஆதலால் தைத்தேனியம் வேண்டுமெனச் சிறுவன் விரும்பினான்.

"கவசம் எண்டா எல்லாத்தையும் மூடுறதில்லை, சேர். அடி எங்கை விழும் எண்டு முதல்லை அறியவேணும்" என்று தந்தையார் விளக்கலாயினர். நூறு மில்லிமீற்றர் அகலமும் நூற்றைம்பது மில்லிமீற்றர் நீளமும் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பும் உடைய தைத்தேனியத் தகடு ஏறக்குறைய 100 கிராம் நிறுக்கும். அதே அளவான உருக்குத் தகடோ 177 கிராம். எடையை ஒப்பாக்கினால் தைத்தேனியத்தை முக்காற் பங்கு கூடுதலான தடிப்பிலே இடலாம். தடித்த தகடு எளிதில் வளையாது. எனினும் அது எல்லாவிடத்துக்கும் பொருந்துவதன்று. நிலத்தோடு உரசிச்செல்லும் சரிந்த முன்விளிம்புக்குக் கடினமாக்கிய உருக்கே மேல். எதிரியின் பல் அதனைக் கௌவாது வழுக்கிப்போகும். பக்கங்களுக்கோ நீரில் மிதக்கும் அடர்த்தியுள்ள பொலித்தீன் போதும். அது அடியைத் தாங்கி மீளும். வெட்டும் மோதலும் ஒருங்கே விழும் முகப்புக்கே தைத்தேனியம் தக்கது. அது வடுப்படும், ஆயின் நொறுங்காது.

தகட்டைத் தேடிய வரலாறு தனிக்கதை. தைத்தேனியத்திலே தரங்கள் பல. இரண்டாந் தரம் ஏறக்குறையத் தூய உலோகம், மெதுவானது. ஐந்தாந் தரம் நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் கலந்தது. முன்னையதினும் மும்மடங்கு வலியது. ஐந்தாந் தரம் எனச் சொல்லி மலிவாய் விற்ற ஒருவரிடம் இவர்கள் முதலில் வாங்கிவிட்டனர். காந்தம் ஒட்டவில்லை, நிறுத்து நீரில் அமிழ்த்திப் பார்த்தபொழுது அடர்த்தியும் ஒத்திருந்தது, சாணைச் சில்லிலே பிடித்தபொழுது தைத்தேனியத்துக்கே உரிய வெண்பொறி பறந்தது. ஐயமற இருந்த வேளையில், வைஸிலே இறுக்கி வளைத்தபொழுது தகடு இணங்கி வளைந்துகொடுத்தது. வாங்கியது இரண்டாந் தரமே. எடையும் தீப்பொறியும் உலோகம் இன்னதென்று காட்டுமேயன்றித் தரம் இன்னதென்று காட்டா. பின்னர், ஆகாயவிமானத் தொழிலிலே வெட்டி எஞ்சிய துண்டுகளை ஆலைச் சான்றிதழோடு விற்பவரிடம் வாங்கினர். விலை கூடுதலே.

எமது முன்னிலையிலேயே தகடு துளைக்கப்பட்டது. வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விட்டுத் துளைக்கவேண்டும். விரைந்தால் அலகு மழுங்கும். மெல்லிய சீவல்கள் தீப்பற்றவும் கூடும். அத்தீயில் நீரூற்றலாகாது என்றும், உலர்ந்த மணலாலே மூடவேண்டும் என்றும் கூறிச் சிறுவன் ஒரு வாளி மணலை எம் காலருகே வைத்தான். கூர்மடிப்பாக மடித்தால் ஐந்தாந் தரம் வெடிக்கும் என அஞ்சி, தகட்டை மடியாது சாய்வாக நிறுத்தி, பின்னே இறப்பர் வளையங்களிட்டுப் பூட்டினர்.

மணலைக் கண்டதும் எமக்கும் சொல்ல ஒன்று கிடைத்தது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையிலே கிடக்கும் கரிய மணல் இல்மனைற்று என்னும் தைத்தேனியத் தாது என்றோம். உலகிலே தோண்டப்படும் இத்தாதின் மிகப்பெரும் பகுதி வெண்ணிறப் பூச்சுக்கே செல்கின்றது. உலோகமாவது சிறு பங்கு. தாதிலிருந்து உலோகத்தைப் பிரிக்கக் குளோரினும் மகனீசியமும் மிகுந்த வெப்பமும் வேண்டுமாதலாலேயே தகடு விலையேறுகின்றது. சிறுவன் வியந்து, "அப்பா, உங்கட ஊர்க் கடற்கரையில கிடக்கோ?" என்று கேட்டான்.

சனிக்கிழமை போட்டி. தெளிந்த தடித்த பிளாத்திக்குச் சுவர்களுக்குள்ளே மூன்று நிமிடப் பொருதல். எதிரியின் வட்டு முகப்பிலே மும்முறை மோதிற்று, மும்முறையும் வெண்பொறி சொரிந்தது, தகடு துளைபடவில்லை. ஆயின் நாலாம் அடி மூடாதிருந்த இடச்சில்லிலே விழுந்தது. பொறி நின்ற இடத்திலே வட்டமிட்டது, தோற்றது. சிறுவன் அழவில்லை. குறிப்புக் கொப்பியை எடுத்து, அடி விழுந்த இடத்தைக் கீறத் தொடங்கினான். தந்தையார் அருகிருந்து பென்சில் சீவிக் கொடுத்தார்.

அதனைக் கண்டபொழுதே எமக்குப் பழைய வகுப்பு நினைவுக்கு வந்தது. இரவு திரும்பும் வழியிலே, "தம்பி, ஒன்பதாம் வகுப்பிலே உமது கொப்பித் தாளைக் கிழித்தோமே, நினைவிருக்கிறதோ?" என்று கேட்டோம். சற்றுநேரம் அவர் பேசாது காரைச் செலுத்தினார். பின்பு, "சேர் அண்டைக்குச் சொன்ன மதிற்பொறியைத்தான் கீறினனான். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் கீறேல்லை. இங்கை வந்து இருபத்தாறு வயதிலை இரவு வகுப்புக்குப் போகேக்கைதான் திரும்பத் தொடங்கினது" என்றார். குரலிலே குறை கூறும் தொனி இல்லை. அதுவே எம்மைச் சுட்டது. அன்று வகுப்பிலே எம் சொல்லை மெய்யாகச் செவிமடுத்த மாணவன் அவன் ஒருவனே போலும். பன்னிரண்டு ஆண்டுகளை நாம் ஒரு தாளோடு கிழித்துவிட்டோம். மன்னிப்புக் கேட்டோம். "விடுங்கோ, சேர்" என்றார்.

விடைபெறும்பொழுது சிறுவன் அவ்வடுப்பட்ட தகட்டை எமக்குத் தந்தான். இன்று அது எமது மேசைமேற் கிடக்கின்றது. பாடவேளையிலே எவனேனும் வேறொன்று கீறக் கண்டால், "இஃது என்ன?" என்று முதலிற் கேட்கின்றோம். சில வேளை அது வெறும் விளையாட்டே. சில வேளை அன்று.

உடனாசிரியர்களுக்கு நாம் சொல்லவிரும்புவது இவ்வளவே: கிழிக்குமுன் கேளுங்கள். பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: விழா நினைவாகக் கட்டடத்தோடு, நல்ல துறப்பணமும் வைஸும் சாணையும் உள்ள பட்டறை ஒன்றையும் கல்லூரிக்கு ஈவீராக. அங்கே நுழையும் மாணவன் தோற்கலாம். தோற்ற இடத்தைக் கீறிக்கொண்டு மறுநாளும் வருவான்.

வாழ்க நங்கல்லூரி.