மழைக்கு முன் ஒரு கோடை

நுழையும்முன்

கல்விக்காகவும் பணிக்காகவும் பிறந்த ஊரைவிட்டு வேறோர் ஊரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. புதிய ஊர் எப்போது நம் ஊராகிறது? அந்தமானில் பணிபுரியும் இளம்பொறியாளர் ஒருவரின் கோடைக்காலத்தை இப்பாடத்தில் காண்போம்.

ஐந்து மணி வெயில்

ஃபீனிக்ஸ் பே துறையில் கோடைக்காலத்துப் பொழுது காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும். தீவுகளுக்கிடையே செல்லும் கப்பல்களின் வெண்ணிறப் பக்கங்கள் இளவெயிலில் பளிச்சிடும். ஸ்வராஜ் தீவுக்கும் ஷகீத் தீவுக்கும் செல்வோர் பெட்டிகளோடும் பைகளோடும் வரிசையில் நிற்பர். பெருநிலத்தில் பலர் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில், இங்கே ஒரு நாளின் வேலை தொடங்கியிருக்கும்.

இதற்குக் காரணம் நிலவியலில் இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் ஒரே திட்டநேரம். அது 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. போர்ட் பிளேர் நகரமோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், இங்குக் கதிரவன் திட்டநேரத்தைவிட 40 நிமிடங்களுக்குச் சற்று மேலாக முந்திச் செல்கிறது. காலையில் முந்தி வரும் கதிரவன் மாலையிலும் முந்தியே விடைபெறும். ஐந்தரை மணி கடந்ததும் அந்தி கவியத் தொடங்கிவிடும்.

ஃபீனிக்ஸ் பேயில் உள்ள கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் இளம்பொறியாளர் ஒருவர் பணிபுரிந்தார். அவருக்கு வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் நாகப்பட்டினம். வந்த புதிதில், வேலை முடிந்து வெளியே வரும்போதே இருட்டிவிடுவது அவருக்குப் பெருங்குறையாக இருந்தது. விளையாட நேரமில்லை, உலவ நேரமில்லை என்று வருந்தினார். பின்னர், இழந்த மாலைப்பொழுது காலையில் காத்திருப்பதைக் கண்டுகொண்டார்.

அந்தக் கோடையில் அவருடைய மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் இருந்தது. சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் அவரைப் பணிக்கு அழைத்திருந்தது. மே மாத இறுதிக்குள் அவர் பதில் எழுத வேண்டும்.

திடலில் கற்ற மொழி

அதிகாலையில் அவர் காற்பந்து விளையாடச் செல்வார். திடலில் கூடும் இளைஞர்களின் வீடுகளில் வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ், நிக்கோபாரி எனப் பல மொழிகள் ஒலிக்கும். திடலிலோ அனைவருக்கும் பொதுவானது தீவுகளுக்கே உரிய இந்தி. இலக்கணத்தைப் பற்றி அது அதிகம் கவலைப்படுவதில்லை. விரைவாகப் புரிந்தால் போதும்.

முதல் சில வாரங்கள் அவருக்குப் பந்தைக் கேட்கவே சொல் வரவில்லை. கையை உயர்த்திக்கொண்டு ஓடுவார். பந்து வேறொருவரிடம் சென்றுவிடும். ஒருநாள், எளிதான வாய்ப்பொன்றைத் தவறவிட்ட கூட்டாளியை அவர் தம்மை அறியாமலேயே இந்தியில் கடிந்துகொண்டார். திடல் முழுவதும் சிரித்தது. கடிந்துகொள்ளப்பட்டவர்தாம் முதலில் ஓடிவந்து அவர் தோளில் கைபோட்டார். அன்றுமுதல் பந்து அவரிடமும் வரத் தொடங்கியது. ஓர் ஊரில் உரிமையோடு கோபித்துக்கொள்ள முடிகிறதென்றால், அவ்வூர் நம்மைச் சேர்த்துக்கொண்டுவிட்டது என்று பொருள் என அவர் எண்ணிக்கொண்டார்.

அந்த நண்பர் கார் நிக்கோபார் தீவைச் சேர்ந்தவர். விளையாட்டு முடிந்து இளநீர் அருந்தும்போது, தம் தீவின் மிதிவண்டி வீராங்கனை டெபோரா ஹெரால்டைப் பற்றி அவர் பெருமையோடு பேசுவார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது டெபோராவுக்கு வயது ஒன்பது. மரமொன்றைப் பற்றிக்கொண்டு, பல நாட்கள் அதன்மேல் தங்கி உயிர்பிழைத்த சிறுமி அவர். பின்னாளில் மிதிவண்டிப் பந்தயத்தில் இந்தியாவின் முன்னணி வீராங்கனையானார். 500 மீட்டர் பந்தயத்தில் உலகத் தரவரிசையின் நான்காம் இடத்தை எட்டினார். அவருக்குப்பின் ஈசோவ் ஆல்பென் என்னும் தீவு இளைஞர் வந்தார். 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் ஆல்பென் வெள்ளிப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார்.

நண்பர் பேசி முடித்தபோது பொறியாளர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் எட்டு வயதுச் சிறுவனாக நாகப்பட்டினத்தில் இருந்தார். சுமத்ரா அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கம் நிக்கோபார் தீவுகளை முதலில் தாக்கியது. ஏறத்தாழ இரண்டு மணிநேரத்திற்குப் பின் அதே அலை நாகப்பட்டினக் கரையை அடைந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்சிறுவன் கடற்கரை மணலில் சடுகுடு ஆடும் கூட்டத்தில் ஒருவன். அதன்பின் அக்கூட்டம் மீண்டும் கூடவே இல்லை. அவருடைய அம்மா அன்றுமுதல் கடற்கரைப் பக்கம் சென்றதில்லை. மகன் கப்பல் பொறியியல் படித்ததையும் தீவுக்குப் பணிக்கு வந்ததையும் அவர் அரைமனத்தோடுதான் ஏற்றுக்கொண்டார்.

"எங்க ஊருக்கும் அதே அலைதான் வந்தது" என்று பொறியாளர் மெல்லச் சொன்னார். நண்பர் தம் இளநீரை அவரிடம் நீட்டினார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

மரம் பாடுகிறது

பங்குனி உத்திரத்தன்று போர்ட் பிளேரில் உள்ள வெற்றிமலை முருகன் கோயிலில் திருவிழா. காவடிகள் தெருவில் ஆடி வந்தன. நாதசுரமும் தவிலும் முழங்கின. தமிழர் மட்டுமன்றிப் பிறமொழியினரும் தெருவோரம் நின்று கண்டுகளித்தனர்.

பொறியாளர் குடியிருந்த வீட்டுக்காரரின் மகள் ஏழாம் வகுப்பு மாணவி. அவளும் அவரோடு ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அண்ணா, உங்க ஊர் எது?" என்று கேட்டாள்.

"நாகப்பட்டினம்."

"எனக்கு இதுதான் ஊர். நான் இங்கேதான் பிறந்தேன். ஆனா தாத்தா, நம்ம ஊர் தேவகோட்டைன்னு சொல்றாங்க. அங்கே போனா எல்லாரும் என்னை அந்தமான் பொண்ணுன்னு கூப்பிடறாங்க. அப்போ எனக்கு எத்தனை ஊர் அண்ணா?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. நாதசுரத்தைக் காட்டி, "இது எந்த மரத்தில் செய்தது, தெரியுமா?" என்று கேட்டார். "படாக்" என்றாள் சிறுமி. தீவுகளின் புகழ்பெற்ற மரம் அதுதான். அவள் அறிந்த மரமும் அதுவே.

நாதசுரம் ஆச்சா மரத்தில் செய்யப்படுவது. கும்பகோணம் பகுதியில் உள்ள நரசிங்கம்பேட்டை இக்கருவிக்குப் பெயர்பெற்ற ஊர். 2022ஆம் ஆண்டு அவ்வூர் நாதசுரத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அங்குள்ள கைவினைஞர்கள் பச்சை மரத்தை விரும்புவதில்லை. பழைய வீடுகளில் பல்லாண்டுகள் தூணாகவும் உத்தரமாகவும் இருந்து நன்கு காய்ந்த மரத்தையே தேர்ந்தெடுப்பர். அத்தகைய மரந்தான் வெடிக்காது, வளையாது.

"வீட்டைத் தாங்கின மரம் வீட்டைவிட்டு வெளியே வந்து பாடுது. பழைய வீடு அதுக்குள்ளே இருக்கு. ஆனா பாட்டு இந்தத் தெருவில் கேக்குது. உனக்கும் ரெண்டு ஊர்தான். ஒண்ணு உனக்குள்ளே இருக்கு, இன்னொண்ணுக்குள்ளே நீ இருக்கே" என்றார் அவர்.

சிறுமி சற்றுச் சிந்தித்துவிட்டு, "அப்படின்னா உங்களுக்கும் ரெண்டு ஊரா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஊர்வலம் தெருமுனையைக் கடந்த பின்னும் அது அவருடன் இருந்தது.

அன்றிரவு அவர் கைப்பேசியில் பழைய பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா அறிந்த அந்தமான், 1978இல் வெளிவந்த 'அந்தமான் காதலி' திரைப்படத்தில் கண்டதுதான். அப்படத்திற்கு மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் அமைத்த பாடல்களை அவர் அடுக்களையில் முணுமுணுப்பார். மகன் அறிந்தது 1996இல் வெளிவந்த 'சிறைச்சாலை' படத்தின் அந்தமான். இசைஞானி இளையராஜாவின் இசை. திரைப்படத்தில் கண்ட செல்லுலார் சிறையை இப்போது அவர் நினைத்தபோதெல்லாம் நேரில் காண முடிந்தது. ஒரே தீவை அம்மா ஒரு பாட்டாலும் மகன் மற்றொரு பாட்டாலும் அறிந்திருக்கின்றனர். இருவரும் ஒன்றாக இத்தீவைக் கண்டதில்லையே என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

மறுநாள் அச்சிறுமி தன் குறிப்பேட்டின் அட்டையில் ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அப்பெயரைக் கண்டதும் பொறியாளருக்குத் தம் ஊர் நினைவு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் இராசராச சோழன் காலத்தில், ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை 'மாநக்கவாரம்' என்று குறிக்கிறது. இரு கரைகளுக்கும் இடையே மக்கள் வந்துபோவது புதிய செய்தியன்று.

உலர்துறை

மே மாதத் தொடக்கத்தில் பயணிகள் கப்பல் ஒன்று பழுதுபார்ப்புக்காக உலர்துறைக்கு வந்தது. கப்பல் உள்ளே நுழைந்ததும் துறையின் கதவை அடைப்பர். நீரை இறைத்து வெளியேற்றுவர். நீர் வடிய வடியக் கப்பல் மெல்லத் தாழ்ந்து, வரிசையாக அடுக்கிய கட்டைகளின்மேல் அமரும். அதுவரை எவர் கண்ணிலும் படாத அடிப்பகுதி அப்போது வெளிப்படும்.

அங்கே பாசியும் சிப்பிகளும் அடர்ந்து ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் சிறியதுதான். ஆயினும் அனைத்தும் சேர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைக்கும். எரிபொருள் செலவைக் கூட்டும். தொழிலாளர்கள் அவற்றைச் சுரண்டியெடுத்து, நீரைப் பீய்ச்சிக் கழுவி, புதுவண்ணம் பூசுவர். அடிப்பகுதியில் பொருத்திய துத்தநாகத் தகடுகளையும் மாற்றுவர். உப்புநீர் எஃகை அரிக்காதபடி அத்தகடுகள் தாமே அரிபட்டுக் கப்பலைக் காக்கின்றன. தேய்ந்துபோன தகடு ஒன்றைக் கையிலெடுக்கும்போதெல்லாம் அவருக்கு அம்மாவின் நினைவு வரும்.

உலர்துறையில் கிடக்கும் கப்பல் பயணிகளை ஏற்றுவதில்லை, வருவாய் ஈட்டுவதில்லை. அதனால் அந்நாட்களை வீண்நாட்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மனிதன் விளையாடும் நேரத்தையும் பாட்டுக் கேட்கும் நேரத்தையும் வீண்பொழுது என்று சொல்லிவிடுகிறோம். அதிகாலைத் திடலும் இரவுப் பாடலும் இல்லாதிருந்தால், இத்தீவு தமக்குச் சம்பளம் தரும் இடமாக மட்டுமே இருந்திருக்கும் என்பதை அவர் உணர்ந்தார்.

மழை வருகிறது

தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்னரே அந்தமானைத் தொட்டுவிடும். மே மாதத்தின் மூன்றாம் வாரத்தை ஒட்டி வானம் கறுக்கத் தொடங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுகள் இவை. கோடை இங்கே சிறியது. திடலில் நீர் தேங்குவதற்குள் ஆட வேண்டிய ஆட்டங்களை ஆடிவிட வேண்டும்.

முதல் மழை பெய்த மாலையில் அவர் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். அழைப்புக்கு நன்றி தெரிவித்து, தற்போது வர இயலாது என்று பதில் எழுதினார். பின்னர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கெளம்பிட்டியா? என்னைக்குப்பா வர்றே?" என்று அம்மா ஆவலோடு கேட்டார்.

"நான் வரலம்மா. இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருக்கேன். இந்தத் தடவை நீ வாம்மா. பொங்கலுக்கு வா, அப்போ கடல் அமைதியா இருக்கும்."

மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. இருபது ஆண்டுகளாகக் கடலைப் பாராத ஒருவரிடம் கடலைக் கடந்து வரச் சொல்லிவிட்டோமே என்று அவர் மனம் பதறியது. தகரக் கூரையின்மேல் மழை ஓங்கி ஒலித்தது.

"கப்பல்ல எத்தனை நாளு?" என்று அம்மா கேட்டார்.

"சென்னையிலிருந்து மூணு நாளும்மா. பயமா இருந்தா விமானத்துல வா. ரெண்டு மணி நேரந்தான்."

மீண்டும் அமைதி. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"அங்க சூரை மீன் கிடைக்கும்னு சொன்னியே. குழம்புக்கு நல்ல புளி கிடைக்குமா, இல்ல நான் எடுத்துட்டு வரணுமா?"

சிந்தித்து விடை எழுதுக

1. அந்தமானில் கதிரவன் முந்தி உதிப்பதற்கும் முந்தி மறைவதற்கும் காரணம் என்ன?

2. பொறியாளரும் அவருடைய நண்பரும் சுனாமியைப் பற்றி மேலும் பேசாததற்குக் காரணம் யாதாக இருக்கலாம்?

3. "எனக்கு எத்தனை ஊர்?" என்று உன்னைக் கேட்டால் நீ என்ன விடை சொல்வாய்? பத்து வரிகளில் எழுதுக.

4. அம்மாவின் கடைசிக் கேள்வி எதை உணர்த்துகிறது?