மூன்று குண்டும் ஒரு மாஜோங் தாளும்

பேராக்கில் சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் இடையே, ஒரு காலத்தில் கித்தா மரங்கள் வரிசை பிடித்து நின்ற மேடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. மறுநடவு செய்த பகுதிகளில் காட்டுப்பன்றியின் வேலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. கன்றைச் சுற்றி மண் உழுதது போலக் கிளறிக் கிடக்கும். நடுக்குருத்தைக் கடித்து மென்று சக்கையைத் துப்பியிருக்கும். குருத்துப் போன இளங்கன்று பிழைப்பது அரிது, அந்தக் குழியில் இன்னொரு கன்றை வைக்க வேண்டும். செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவது வழக்கம். மரங்கள் வளர்ந்து மட்டையோடு மட்டை உரசத் தொடங்கும் வயதில், நிரைக்குள் நிற்பவருக்கு மூன்று நான்கு மரங்களுக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. அதாவது சுமார் 30 மீட்டர். தோட்டக் காவலுக்கு எடுக்கும் துப்பாக்கி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த 30 மீட்டரில் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும் என்பது என் வாதம். நம்மவர் பலரும் அந்தக் கேள்வியை வேறொரு நாட்டின் புல்வெளியில் நின்று கேட்கிறார்கள்.

அந்தப் புல்வெளி அமெரிக்காவில் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் பிரெய்ரி நாய், மர்மோட் போன்ற சிறு பிராணிகளைச் சுடுவதற்கென்றே அங்கே ஒரு துப்பாக்கி வகை வளர்ந்தது. அதற்கு வார்மின்ட் ரைபிள் என்று பெயர். 1935இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட், 1950இல் ரெமிங்டன் கொண்டுவந்த .222, 1965இல் ஆலைத் தோட்டாவாக வெளிவந்த .22-250 எல்லாம் இந்தத் தேவைக்குப் பிறந்தவை. பிரெய்ரி நாயின் உடல் அகலம் ஒரு கைப்பிடிக்கு மேல் இல்லை, தூரமோ 200, 300 மீட்டர். அதனால்தான் அங்கே துல்லியத்தைக் கோண நிமிடத்தில் அளக்கிறார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்ததில் ஒரு பங்கு, 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர், 300 மீட்டரில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். இதைவிடக் குண்டுகள் பரவினால் இலக்கு தப்பிவிடும். தடித்த குழல் வைப்பதற்கும் காரணம் உண்டு. அடுத்தடுத்துச் சுடும்போது மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும், குண்டு விழும் இடமும் அதோடு நகரும். தடித்த குழலில் அது மெதுவாக நடக்கும். அந்த ஊருக்கு அந்தத் துல்லியம் அவசியம், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் ஆலை தரும் வாக்குறுதியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெதர்பி போன்ற நிறுவனங்கள் 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகள் விழும் என்று உத்தரவாதம் தருகின்றன. கூடவே வரும் நிபந்தனைகள்: மூன்று குண்டு, குளிர்ந்த குழல், தரமான ஆலைத் தோட்டா. இந்த மூன்று என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே கை என்று வைத்துக்கொள்வோம். மூன்று மூன்றாகச் சுட்டால் குண்டுகளின் விரிவு சராசரியாக ஓர் அங்குலம் வருகிறது என்றால், ஐந்து ஐந்தாகச் சுடும்போது அது ஒன்றேகால் அங்குலமாகும், பத்துப் பத்தாகச் சுடும்போது ஒன்றரை அங்குலத்தைத் தாண்டும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. எண்ணிக்கை கூடக்கூட ஓரத்தில் விழும் குண்டுக்கு வாய்ப்புக் கூடுகிறது, அவ்வளவுதான். பத்துத் தாளில் சுட்டு, அவற்றில் சிறந்ததை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காட்டுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் காட்டுவது துப்பாக்கியின் இயல்பல்ல, அதன் நல்ல நாள். ஆலையில் செய்த ரைபிளிடம் நியாயமாக எதிர்பார்க்கக் கூடியது, பொருத்தமான தோட்டாவோடு ஐந்து குண்டு விரிவு ஓர் அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் இடையில் திரும்பத் திரும்ப வருவது. பொருத்தம் என்பதும் வெறும் சொல் அல்ல. பழைய .22-250 குழல்களில் உள்வரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான் சுற்றும். அது 55 கிரெயின் குண்டை நேராக ஓட்டும், நீளமான கனத்த குண்டைத் தள்ளாட விட்டுவிடும்.

ஆலைக் கருவிக்கும் வேலை செய்யும் கைக்கும் உள்ள இந்த உறவு பேராக் தோட்டத் தமிழருக்குப் புதியதல்ல. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய தொழில், பல தலைமுறைகளை ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் பழக்கியது. பால்வெட்டுக் கத்தி மரப்பட்டையில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். உள்ளே பட்டையை வளர்க்கும் உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே நிற்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் மங்கில் பால் சேராது. ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அடுத்த சுற்று வெட்டுக்கே உதவாது. விடிவதற்கு முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நிரையில் முந்நூறு, நானூறு மரம் என்று இதைச் செய்தார்கள். கடையிலிருந்து வந்த கத்தியை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் மரத்தடிக்குப் போனதில்லை. கல்லில் தீட்டி, வாயைத் தன் கைக்குச் சரிசெய்து, பழகும் மரத்தில் வெட்டிப் பார்த்த பிறகுதான் அது கத்தி. ஆலை கொடுத்தது இரும்பு, துல்லியத்தை வெட்டுபவர் தாமே உண்டாக்கிக்கொண்டார். துப்பாக்கிக்கும் அந்த நியாயமே பொருந்தும்.

பேராக்கில் பன்றிக்கு எதிராக எடுக்கப்படுவது பெரும்பாலும் ரைபிள் அல்ல, 12 போர் சாட்கன். மலாயில் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும் ஒடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி. இதற்குப் பின்னால் வரலாறும் சட்டமும் இருக்கின்றன. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அதே 1960இல் வந்த ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் காவல்துறையின் உரிமம் வேண்டும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றி வேட்டைக்கும் உரிமம் வேண்டும். இத்தனை கெடுபிடிக்குப் பிறகு கைக்கு வரும் சாட்கனைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது: சில்லு சில்லாகச் சிதறும் தோட்டாவுக்குக் குறி எதற்கு, திசை தெரிந்தால் போதும் என்று. இந்த நம்பிக்கையைத்தான் நான் முதலில் மறுக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். பெரிய ரவைத் தோட்டா ஒன்றில் எட்டு அல்லது ஒன்பது ரவைகள் இருக்கும். வாய் குறுகாத குழலிலிருந்து வரும் ரவை, ஒரு கஜம் போனால் ஓர் அங்குலம் விரியும் என்பது வேட்டைக்காரர்களின் பொதுக் கணக்கு. 15 மீட்டரில் ரவை வட்டம் சுமார் 40 சென்டிமீட்டர், 30 மீட்டரில் சுமார் 80 சென்டிமீட்டர். பன்றியின் நெஞ்சும் இதயமும் இருக்கும் உயிர்நிலையை 15 சென்டிமீட்டர் வட்டமாக எடுத்துக்கொண்டால், ஒன்பது ரவையும் சீராகப் பரவியிருக்கும் நிலையில் 15 மீட்டரில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக அங்கே விழும். 30 மீட்டரில் மூன்று வெடிக்கு ஒரு ரவைகூடத் தேறுவது சந்தேகம். ரவைகள் நடுவில் சற்று நெருங்கி விழுவதால் உண்மை இதைவிடக் கொஞ்சம் மேலாக இருக்கலாம், ஆனால் போக்கு மாறாது. தூரம் இரட்டித்தால் உயிர்நிலையில் விழுவது நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. மீதி ரவை வயிற்றிலும் தொடையிலும் விழும், பன்றி புதருக்குள் ஓடிவிடும். காயம்பட்ட பன்றி நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. அதே நிரையில் மறுநாள் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவர் மீது பாய்கிற ஆபத்தும் அதனிடம்தான் இருக்கிறது. குறிதவறிய ரவைகளும் காற்றில் கரைந்துவிடுவதில்லை, பல நூறு மீட்டர் போகக் கூடியவை.

அப்படியானால் ரைபிளே மேல் அல்லவா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். 30 மீட்டரில் ஒரு கோண நிமிடம் என்பது 9 மில்லிமீட்டர்தான். நான்கு கோண நிமிடம் சிதறும் மட்டமான ரைபிள்கூட அந்தத் தூரத்தில் மூன்றரை சென்டிமீட்டருக்குள் போட்டுவிடும். ஆனால் இந்தக் கணக்கே வார்மின்ட் ரைபிளுக்கு எதிராகத் திரும்புகிறது. மூன்றரை சென்டிமீட்டர் போதும் என்ற இடத்தில் ஒரு சென்டிமீட்டருக்காகக் கொடுக்கும் கூடுதல் விலைக்குப் பயன் ஏது? சிறு பிராணிகளுக்கென்று செய்த இலேசான குண்டு, பட்டவுடன் உடைந்து சிதறும்படி வடிவமைக்கப்பட்டது. தடித்த தோலும் தோள் எலும்பும் உள்ள பன்றிக்கு அது மேற்காயம் ஆகிவிடலாம். உடைவதால் கல்லில் பட்டுத் தெறிப்பது குறைவு என்று அதற்காக வாதிடுவோர் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் எதிலும் படாமல் போன குண்டு உடைவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் போகும் அந்தக் குண்டுக்குப் பின்னால் அமெரிக்காவில் வெறும் புல்வெளி இருக்கலாம், பேராக்கில் லயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன.

இன்னொரு மறுப்பு அனுபவத்தின் பெயரால் வரும். முப்பது வருடம் சுட்டவருக்குத் தாளும் அளவுகோலும் எதற்கு, கை சொல்லும் என்பார்கள். அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அனுபவம் விழுந்த பன்றியைத்தான் எண்ணுகிறது, காயத்தோடு ஓடிய பன்றி அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. மேலும் ஒரே ஆலையின் ஒரே வகைத் துப்பாக்கி இரண்டு, ஒரே தோட்டாவை ஒரே மாதிரி விரிப்பதில்லை. குழல் முனையில் ஒரு மில்லிமீட்டர் குறுகல் இருந்தாலே ரவை வட்டம் வெகுவாக மாறிவிடுகிறது. சாட்கனைச் சோதிப்பதற்கு நெடுநாள் வழக்கமும் உண்டு. 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் போட்டு, அதற்குள் விழுந்த சிறு ரவையை எண்ணுவார்கள். குறுகலே இல்லாத குழலுக்கு 40 சதவீதமும் முழுக் குறுகலுக்கு 70 சதவீதமும் பொதுவான அளவு. பெரிய ரவைக்கு இந்தச் சதவீதங்கள் அப்படியே பொருந்தாது, அதனால்தான் அந்தத் தோட்டாவையே தாளில் சுட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அனுபவசாலியின் கைக்கும் தன் துப்பாக்கி என்ன செய்கிறது என்று தெரிந்திருப்பது பலமே தவிர அவமானம் அல்ல. நாற்பது வருடம் மரம் வெட்டியவரும் புதுக் கத்தியைத் தீட்டிப் பார்த்துத்தான் எடுத்தார்.

ஆக, ஆலைத் துப்பாக்கியிடம் எதிர்பார்க்க வேண்டிய துல்லியம் விளம்பரத்தில் வரும் ஓர் அங்குலம் அல்ல. எந்தத் தூரம் வரை எல்லா ரவையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிறது என்ற ஒரே விடைதான் தோட்டத்துக்கு வேண்டும். அது 12 மீட்டர் என்றால் 13ஆவது மீட்டரில் விசையைத் தொடக் கூடாது. உரிமம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. புத்தகக் கடையில் விற்கும் மாஜோங் தாள் என்னும் பெரிய தாள் சிலவற்றை வாங்குங்கள். அனுமதி பெற்ற சுடுதளத்தில் 10, 15, 20, 25 மீட்டரில் நீங்கள் காட்டுக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவைச் சுடுங்கள், ஒவ்வொரு தூரத்துக்கும் ஐந்து தாள். நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எண்ணி, தூரத்தை எழுதி வையுங்கள். அந்த எண் தெரியாத துப்பாக்கி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், தீட்டாத கத்திதான்.