பந்தைப் பார்க்காத அம்மா

மலிவு டிக்கெட் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. அமெரிக்காவில், லூசியானா மாநிலத் தலைநகரம் பேட்டன் ரூஜில், லட்சம் பேர் ஊதாவும் மஞ்சளுமாகக் கத்திக்கொண்டிருக்க, நான் மட்டும் எதிரி முகாமில் உட்கார்ந்திருந்தேன். சித்தி பையன் அங்கே எம்.எஸ். படிக்கிறான். அவன் வாங்கிய டிக்கெட்.

"சாரிண்ணா. விசிட்டர் பக்கம்தான் சீப்பா கிடைச்சுது. கத்தாம இருந்தா ஒண்ணும் ஆகாது."

யாருக்குக் கத்துவது என்றே எனக்குத் தெரியாதே!

ஆபீஸ் வேலையாக ஹூஸ்டன் போனவன், சனி ஞாயிறு லீவில் பஸ் ஏறி வந்திருந்தேன். பேட்டன் ரூஜ் என்றால் பிரெஞ்சில் சிவப்புக் கம்பு. ஊரை ஒட்டி மிஸிஸிப்பி, அதன் பெரிய கரை, 34 மாடியில் ஒரு சட்டசபைக் கட்டடம். இதையெல்லாம் அரை நாளில் முடித்துவிட்டால், மிச்ச ஊர் முழுக்க ஃபுட்பால்தான். நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுகிற சமாசாரம். காலுக்கு வேலை எப்போதாவதுதான். அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

மேட்ச் ராத்திரி. ஜனமோ காலையிலேயே வந்து கூடாரம் போட்டு அடுப்பு மூட்டிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு தாத்தா என்னைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் கம்போவை நீட்டினார். கறுப்பாக, குழம்பு மாதிரி, சோற்றில் ஊற்றி. "நான் சைவம்" என்றேன். "கவலைப்படாதே, இதில் மாமிசமே இல்லை, வெறும் இறால்தான்!" என்றார் பாசமாக.

ஸ்டேடியத்துக்கு எதிரே நிஜப் புலி ஒன்று வசிக்கிறது. பெயர் மைக். ஏழாவது மைக். முன்பெல்லாம் இதன் முன்னோர்களைக் கூண்டில் வைத்து மைதானத்துக்குள்ளேயே கொண்டுவருவார்களாம். இவரை அப்படி அலைக்கழிப்பதில்லை. 2024 நவம்பரில் மட்டும் ஆசை விடாமல், ஃப்ளோரிடாவிலிருந்து வேறொரு புலியை வரவழைத்தார்கள். அன்றைக்கு அலபாமாவிடம் 42-13 என்று உதை. புலியைக் குற்றம் சொல்லக் கூடாது.

டைகர் ஸ்டேடியத்தின் சத்தத்துக்கு ஆதாரமே இருக்கிறது. 1988 அக்டோபர் 8, ஆபர்ன் அணியோடு மேட்ச். 6-0 என்று தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், கடைசி இரண்டு நிமிஷத்துக்குள், நாலாவது முயற்சியில் டாமி ஹாட்ஸன் எறிந்த பந்தை எடி ஃபுல்லர் பிடித்தார். 7-6. ஜனங்கள் குதித்த குதியில் காலேஜ் பூகம்பமானியின் ஊசியே ஆடிவிட்டது. இன்றுவரை 'பூகம்ப ஆட்டம்' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் ஆட வந்திருந்தான் வெளியூர் குவார்ட்டர்பேக். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். (பெயர் வேண்டாம், பாவம்.)

வழியிலேயே சித்தி பையன் பாடம் எடுத்திருந்தான்: "நாலு சான்ஸ்ல பத்து கெஜம் முன்னேறணும்ணா. குவார்ட்டர்பேக்தான் மூளை. பந்து கைக்கு வந்ததும் இரண்டரை செகண்டு. அதுக்குள்ள எவன் காலியா இருக்கான்னு பார்த்து எறியணும். எதிராளி நாலு பேர் அவனைப் பிடிக்க ஓடி வருவாங்க. சில சமயம் அஞ்சு, ஆறு பேர். அதுதான் பாஸ் ரஷ். எறியறதுக்கு முன்னால அமுக்கிட்டா ஸாக்."

இரண்டரை செகண்டு! எங்கள் ஆபீசில் ஒரு ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக இரண்டரை வாரம் ஆகும்.

"நடுவால வந்தா மோசம். ஓரமா வந்தா முன்னால ஒரு அடி வெச்சுத் தப்பிக்கலாம். நேரா மூஞ்சிக்கு வந்தா எங்க போறது?" என்றவன், 2009 டிசம்பர் கதையைச் சொன்னான். ஆர்லிங்டனில் டெக்ஸஸ் அணிக்கும் நெப்ராஸ்காவுக்கும் ஃபைனல். டெக்ஸஸ் குவார்ட்டர்பேக் கோல்ட் மக்காய் பெரிய கெட்டிக்காரர். எதிரே நடுவில் நின்றவர் இண்டமுகங் ஸூ. அன்று மக்காயை 9 முறை சாய்த்தார்கள். அதில் ஸூ கணக்கு நாலரை. (அரை எப்படி? இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினால் ஆளுக்குப் பாதி!) மக்காய் எறிந்ததில் மூன்று எதிராளி கைக்குப் போயின. இவ்வளவுக்கும் அப்புறம் ஜெயித்தது டெக்ஸஸ்தான், 13-12. கடிகாரம் முடிந்துவிட்டது என்று நெப்ராஸ்கா துள்ளிக்கொண்டிருக்க, நடுவர்கள் வீடியோ பார்த்து ஒரே ஒரு செகண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு செகண்டில் 46 கெஜத்திலிருந்து ஒரு உதை. அடிபட்டு அடிபட்டே ஜெயிக்கலாம் போலிருக்கிறது.

ஆட்டம் ஆரம்பித்தது. வெளியூர்ப் பையன் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் என் காது அடைத்தது. முதல் பாதியில் இரண்டு முறை விழுந்தான். இரண்டாவது முறை எழுந்தபோது ஹெல்மெட்டில் புல். அதற்கப்புறம் அவன் தூரத்தில் ஓடுகிற தன் ஆட்களைப் பார்க்கவில்லை, தன்னைப் பிடிக்க வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தான். பிடிக்க யாருமே வராத போதும் அவசரமாக எறிந்தான். எனக்கே புரிந்தது. ஒரு தடவை மேனேஜரிடம் டோஸ் வாங்கியவன் அப்புறம் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே டைப்பில் தப்பு பண்ணுவான் இல்லையா? அதேதான்.

"இவன் உருப்பட மாட்டான் போலிருக்கே" என்றேன். தமிழில்தான். ஆனாலும் பக்கத்து சீட் அம்மா திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயசு இருக்கும். மடியில் பைனாகுலர்.

"குவார்ட்டர்பேக்கைத்தானே சொல்கிறாய்?" என்றார். "தப்பு அவனுடையதில்லை. என் பிள்ளையுடையது."

பிள்ளை லெஃப்ட் டேக்கிள். பந்து எறிகிறவன் வலது கைக்காரனாக இருந்தால் அவனுடைய இடது பக்கம், முதுகுப் பக்கம். அவனுக்குக் கண் தெரியாத அந்தப் பக்கத்தைக் காக்கிறவன். ஆறரை அடி உயரம், நூற்று நாற்பது கிலோ. ஓரமாகப் பாய்ந்து வருகிறவனை மறிப்பது மட்டுமே வேலை. எதிராளியை இறுக்கிப் பிடித்துவிட்டால் பத்து கெஜம் அபராதம். பந்தைத் தொட மாட்டான். அவன் பெயர் ஒலிபெருக்கியில் வருவதே அந்த அபராதத்தின்போதுதான்.

"சத்தம்தான் கொல்கிறது" என்றார் அந்த அம்மா. குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்குவானாம். இங்கே குரல் கேட்டால்தானே? 2024லிருந்து ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்திருக்கிறது. ஆனால் அது கோச் பேச, ஒருவனுக்கு மட்டும். அதனால் பக்கத்தில் இருப்பவன் பின்னால் பார்த்து, நடு ஆளைத் தட்டி சைகை காட்டுகிறான். ஓரத்தில் நிற்கும் இவர் பிள்ளை ஒரு கண்ணால் பந்தையும் ஒரு கண்ணால் எதிராளியையும் பார்க்க வேண்டும். எதிராளிக்குப் பந்து அசைந்தால் போதும், பாய்ந்துவிடுவான். இவன் அரை நொடி லேட். அந்த அரை நொடியில்தான் குவார்ட்டர்பேக் மண்ணில் கிடக்கிறான்.

இன்னொரு அநியாயம். காலேஜ் ஆட்டத்தில் ஸாக்கினால் இழந்த கெஜத்தை, குவார்ட்டர்பேக் ஓடிய கணக்கில் கழிக்கிறார்கள். ஓடவே விடாமல் அமுக்கிவிட்டு, ஓட்டக் கணக்கில் மைனஸ்! எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்கூட இப்படிச் செய்யாது.

மூன்றாவது கால்வாசியில் மறுபடி ஸாக். நேராக அந்தப் பிள்ளை வழியாகவே வந்தது. பந்து கை நழுவி எதிராளிக்குப் போனது. லட்சம் பேர் எழுந்து குதித்தார்கள். எங்களுக்குப் பின்னால் அவர்கள் ஊர்க்காரர் ஒருவரே நம்பரைச் சொல்லி, "அவனை வெளியே அனுப்பு!" என்று கத்தினார். அந்த அம்மா திரும்பவில்லை. பைனாகுலரைத் துடைத்துக்கொண்டார்.

அவன் வெளியே போகவில்லை. ஓரத்தில் கோச் ஏதோ சொன்னார். குவார்ட்டர்பேக் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, தண்ணீர் குடித்தார்கள்.

அதற்கப்புறம் ஆட்டம் மாறியது. பையன் சீக்கிரம் சீக்கிரமாகக் குட்டிக் குட்டியாக எறிந்தான். ஒரு முறை ஆறு பேர் பாய்ந்து வர, அவர்கள் காலி செய்த இடத்துக்கே பந்தைப் போட்டான். இன்னொரு முறை வேண்டுமென்றே வரவிட்டு, தலைக்கு மேலாகப் பின்னால் நின்றவனிடம் தூக்கிப் போட்டான். "ஸ்க்ரீன்!" என்றான் சித்தி பையன், தான் ஊதாச் சட்டை போட்டிருப்பதை மறந்து.

"2019ல நம்ம ஜோ பர்ரோ இப்படித்தாண்ணா" என்று ஆரம்பித்தான். (நம்ம!) ஆஸ்டினில், மூன்றாவது சான்ஸ், 17 கெஜம் வேண்டும், ஆறே புள்ளி முன்னிலை. கும்பலாக வந்தார்களாம். பர்ரோ கண்ணைத் தாழ்த்தாமல் நகர்ந்து ஜஸ்டின் ஜெஃபர்ஸனிடம் எறிய, 61 கெஜம் போய் டச்டவுன். ஆட்டம் 45-38.

நாலாவது கால்வாசி, கடைசி நிமிஷங்கள். நான் சும்மா இல்லாமல் பைனாகுலரைக் கேட்டேன். "வேண்டாம், உன் கண்ணால் பார். அதோ, இடது கோடி" என்றார் அந்த அம்மா.

பந்து நகர்ந்தது. எதிராளி ஓரமாகப் பாய்ந்தான். பிள்ளை பின்னால், பின்னால் போனான். தோற்கிறான் என்றுதான் நினைத்தேன். திடீரென்று இரண்டு கையாலும் அவனை வெளிப்பக்கமாகத் தள்ள, வந்த வேகத்திலேயே அவன் குவார்ட்டர்பேக்கின் முதுகைத் தாண்டிப் போனான். பிள்ளை நிலைதடுமாறிக் குப்புற விழுந்தான். ஸ்டேடியம் ஒரு கணம் அமைதியானது. எங்கள் பகுதி மட்டும் வெடித்தது. யாரோ என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

பிள்ளை எழுந்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே அந்த அம்மா என் கையைப் பிடித்தார். எழுந்தான். குவார்ட்டர்பேக் ஓடி வந்து அவன் ஹெல்மெட்டில் தட்டினான்.

"டச்டவுனா? யார் பிடித்தது?" என்று கேட்டார்.

"தெரியலை" என்றேன். நானும் அவர் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேட்ச் என்னவோ அவர்கள் தோற்றார்கள், மூன்று புள்ளியில். கார் பார்க்கிலிருந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம். சித்தி பையன் வழியெல்லாம், "நீங்க யாருக்கண்ணா கை தட்டினீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.