கேளாததைக் கேட்டேன் என்றேன்

நான் கேட்காத ஒரு சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னேன். அதை நம்பி ஒரு தம்பி கைக்காசைச் செலவழித்தான். சொன்னது பொய் என்று எனக்கே நிரூபணமான பிறகும் அவனிடம் வாய் திறக்கவில்லை. இத்தனை காலம் மறைத்ததை இப்போது எழுதுகிறேன்.

ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரைச் சொந்தமாகக் கட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் 'சீமோய்' சர்க்யூட்டில்தான் தொடங்குவார்கள். 1990-களின் பிற்பகுதியில் சூ மோய் என்பவர் வடிவமைத்தது, பெயரும் அவருடையதுதான். ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் ஆப்-ஆம்ப் ஐசி ஒன்று, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். எல்லாம் ஒரு சின்ன மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மதிய வேளை அலைந்தால் எல்லாச் சாமானும் கிடைக்கும். இதன் நுட்பம் பேட்டரியைப் பாதியாகப் பிரிப்பதில் இருக்கிறது. இரண்டு ரெசிஸ்டர்களை வரிசையாகப் போட்டு நடுப்புள்ளியைக் கிரவுண்டாக வைத்துக்கொண்டால், 9 வோல்ட் என்பது மேலே 4.5, கீழே 4.5 என்று ஆகிவிடும். முதன்முதலாகச் சோல்டர் வைத்த போர்டில் பாட்டு ஒலிக்கும்போது வரும் சந்தோஷம் பெரியது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றி நான் சொன்ன எதுவும் பொய்யில்லை.

பொய் தொடங்கியது ஐசி மாற்றுவதில். ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகுவதால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி எடுத்து வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம். 4558, 5532, ஓபிஏ2134 என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்வோம். இதில் சூடு, இதில் குளுமை, இதில் மேடை விரிகிறது, அதில் குரல் முன்னால் வருகிறது. அந்தப் பேச்சில் நான் கெட்டிக்காரன். எஸ். பாலசந்தரின் வீணைப் பதிவு ஒன்றை ஓடவிட்டு, விரல் தந்தியை இழுக்கிற இடம் இந்தச் சிப்பில் தனியாகத் தெரிகிறது என்று சொன்னால் சுற்றி இருப்பவர்கள் தலையசைப்பார்கள். அந்தத் தலையசைப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஐசியை மாற்றச் சில நிமிஷம் ஆகிறது, அதற்குள் முந்தைய ஒலி நினைவில் நிற்பதில்லை, வால்யூம் குமிழைக் குறைத்து மறுபடி கூட்டும்போது அது பழைய இடத்தில் நிற்பதுமில்லை. மயிரிழை கூடுதலாக ஒலித்தாலே காது அதை 'நல்ல ஒலி' என்று எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் முதல் வேலையில் இருந்த அந்தத் தம்பி என்னிடம்தான் சோல்டரிங் கற்றுக்கொண்டான். அவன் கட்டிய சீமோய் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. "அண்ணே, இதுக்கு மேல என்ன பண்ணலாம்?" என்று கேட்டான். ஒன்றும் பண்ண வேண்டாம், நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ ஓபிஏ627 போடச் சொன்னேன். விலை அதிகமான சிப். ஒன்றில் ஒரு சேனல்தான் உண்டு என்பதால் இரண்டு வாங்கி, சின்ன அடாப்டர் போர்டில் ஏற்றிச் செருக வேண்டும். மேலெழுத்தைத் தேய்த்து மாற்றி அச்சடித்த போலிகள் நிறைய சுற்றுவதால், மலிவாகத் தேடாதே என்று அக்கறையோடு எச்சரிக்கவும் செய்தேன்.

அந்தச் சிப்பின் டேட்டாஷீட்டை நான் படித்திருந்தேன். குறைந்தது மேலே 4.5, கீழே 4.5 வோல்ட் வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. தம்பி பயன்படுத்தியது 8.4 வோல்ட் என்று அச்சிட்ட ரீசார்ஜபிள் பேட்டரி. பாதியாகப் பிரித்தால் 4.2. போதாக்குறைக்கு, இந்தச் சிப்பின் வெளியீடு சப்ளையின் எல்லைக்கு ஏறத்தாழ 3 வோல்ட் முன்பே நின்றுவிடும். மிஞ்சுவது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அவனிடம் இருந்ததோ 250 ஓம் ஹெட்ஃபோன், அதிக வோல்டேஜ் கேட்கிற வகை. உரத்த இடங்களில் ஒலி சிதையும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம். நான் போடவில்லை.

பொருத்திய சில நாளில் கூப்பிட்டான். "அண்ணே, மிருதங்கம் வர்ற இடத்துல கரகரங்குது. நீங்க சொன்ன வித்தியாசமும் எனக்குத் தெரியல. எனக்குத்தான் காது பத்தல போல" என்றான்.

அவனுடைய காது சரியாகத்தான் இருந்தது. சிதைவைச் சிதைவு என்று கண்டுபிடித்த காது. நான் சொன்ன பதில்: "கொஞ்ச நாள் ஓடட்டும்டா, சிப் பழகணும். காதும் பழகணும்." ஐசி என்றால் என்ன என்று தெரிந்த ஒருவன் சொல்லக்கூடாத பதில் அது. அவன் அதையும் நம்பினான்.

பிறகு பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் என் காதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒரே மாதிரி இரண்டு ஆம்ப் கட்டினோம். ஒன்றில் ஓபிஏ2134, மற்றதில் ஓபிஏ627. பேட்டரியைக் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று இரண்டுக்கும் மேலும் கீழும் 12 வோல்ட் கொடுத்தோம். 400 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, மீட்டரில் இரண்டின் வெளியீடும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்வரை சரிசெய்தார். அது ஏறத்தாழ 0.1 டெசிபல். எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதபடி சுவிட்சை அவர் வைத்துக்கொண்டார். அதே வீணைப் பதிவு, அதே ஹெட்ஃபோன், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக் கேட்கலாம். முடிவில் என் பதில்களில் ஏறக்குறைய பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். தனியாகத் தெரிகிறது என்று நான் அத்தனை பேரிடம் சொன்ன அந்த இழுப்பு, இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது.

அன்றிரவே தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை. குற்ற உணர்ச்சி இருந்தது, ஆனால் 'காது உள்ளவர்' என்று என்னைப் பற்றி நாலு பேர் வைத்திருந்த மதிப்பு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அவன் வேலை மாறிப் பெங்களூர் போனான். அங்கே புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அவனும் ஓபிஏ627-ஐச் சிபாரிசு செய்கிறான் என்று கேள்விப்பட்டபோதும் பேசாமல்தான் இருந்தேன்.

ஆம்ப்களுக்குள் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. மலிவான வால்யூம் கன்ட்ரோலில் குறைந்த ஒலியின்போது இடது வலது சமமாக இருக்காது. வெளியீட்டு மின்மறுப்பு அதிகமான ஆம்பில் சில ஹெட்ஃபோன்களின் பேஸ் உப்பிவிடும். கிரவுண்ட் தவறாகப் போனால் இரைச்சல் வரும். இவற்றை அளக்கலாம், கேட்கவும் செய்யலாம். இதையெல்லாம் அவனுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொன்னால் யாரும் வியந்து தலையசைப்பதில்லை.

தம்பி, அந்த இரண்டு சிப்பையும் கழற்றிவிட்டுப் பழைய ஓபிஏ2134-ஐயே போடு. இன்னொரு பேட்டரியை வரிசையில் சேர்த்து வோல்டேஜை இரட்டிப்பாக்கு. கெப்பாசிட்டர் 16 வோல்ட் என்றால் தாங்கும், ஒவ்வொன்றுக்கும் பாதிதான் வரும். கரகரப்பு போய்விடும். சிப்புகளை எனக்கு அனுப்பு, நீ கொடுத்த விலையை அப்படியே தருகிறேன். நீ யார் யாருக்கெல்லாம் சொன்னாயோ அவர்களிடம் நானே பேசுகிறேன், நம்பர் மட்டும் கொடு.