‘கிளம்புங்க’ன்னா கிளம்புவாங்களா?

பெரம்பலூரைத் தாண்டினதும் சென்னை பஸ்ஸில் தூங்கிடுற ஆளா நீங்க? இன்னும் ஒரு 17 கிலோமீட்டர் முழிச்சிருங்க பாஸ்... ரஞ்சன்குடி கோட்டை வரும்!

1751-ல் வாலிகண்டபுரம் சண்டை நடந்த ஏரியா இது. ஆற்காடு நவாப் பதவிக்கு ரெண்டு பேர் போட்டி. முகமது அலிக்கு ஆங்கிலேயர் சப்போர்ட், சந்தா சாகிபுக்கு பிரெஞ்சுக்காரர் சப்போர்ட். ரெண்டு பேருமே நண்பருக்கு உதவ வந்தவங்களாம்!

ஜெயிச்ச நண்பர் கிளம்பவே இல்லை. 1765-ல் நவாப் படையோடு சேர்ந்து அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடிச்சாங்க. 1801-ல் நவாப்போட நாடே கம்பெனி கைக்குப் போயிடுச்சு. காவலுக்கு வந்தவர் பேருக்கே பட்டா!

‘பழைய ஹிஸ்டரி’ங்கறீங்களா? கொடியை இறக்கின பிறகும் டயலாக் மாறலை. இலங்கைக்கு 1948-ல் சுதந்திரம் கிடைச்சது. ஆனா, திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படையும், கட்டுநாயக்கவில் விமானப்படையும் அப்படியே இருந்தன. கேட்டா, ‘உங்க பாதுகாப்புக்கும், கடல் வழியைக் காக்கவும்’. 1956-ல் பிரதமரான பண்டாரநாயக்க ‘கிளம்புங்க’ன்னார். 1957-ல் தளங்கள் இலங்கை கைக்கு வந்தன.

அதனால, அடுத்து ‘கிளம்பு’ன்னு சொல்ல ஆளே இல்லாத இடமாத் தேடினாங்க. 1965-ல், மொரீஷியஸ் சுதந்திரத்துக்கு மூணு வருஷம் முன்னாடி, சாகோஸ் தீவுகளைத் தனியாப் பிரிச்சு வெச்சுக்கிச்சு பிரிட்டன். அதில் டியகோ கார்சியா தீவு, அமெரிக்க ராணுவத் தளத்துக்கு. அங்கேயும் மனுஷங்க இருந்தாங்களே? தென்னந்தோட்டத்தில் தலைமுறையா உழைச்ச குடும்பங்கள்! ‘எல்லாம் ஒப்பந்தக் கூலிகள்’னு சொல்லி, 1973-க்குள் மொத்தப் பேரையும் மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் கப்பல் ஏத்திட்டாங்க.

நம்ம ஆட்களும் இந்தத் தீவில் மாட்டினாங்க. 2021 அக்டோபரில், கனடாவுக்குக் கிளம்பின ஈழத் தமிழர்களின் படகு தத்தளிச்சு இங்கே வந்து சேர்ந்தது. குழந்தை குட்டிகளோடு மூணு வருஷத்துக்கு மேல் வேலிக்குள்ளே டென்ட் வாழ்க்கை. ‘அது சட்டவிரோதக் காவல்’னு 2024 டிசம்பரில் கோர்ட் சொன்ன பிறகு எங்கே போய் முறையிட... போன மூணு வருஷம் திரும்பியா வரும்?

கடற்கொள்ளை, தீவிரவாதம், கப்பல் பாதைன்னு இப்போ சொல்ற காரணங்கள் எல்லாமே பொய்னு நான் சொல்லலை. நம்ம பெட்ரோலும் கடல் தாண்டித்தானே வருது! ஆனா, காரணம் நிஜம்னா அங்கே வாழ்ந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

‘சீக்கிரம் விட்டு விலகுங்க’ன்னு 2019-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதன்படி தீவுகள் மொரீஷியஸுக்கு. டியகோ கார்சியா மட்டும் 99 வருஷக் குத்தகையில் பிரிட்டனுக்கே! மத்த தீவுகளில் மக்கள் குடியேறலாம். டியகோ கார்சியாவில் பிறந்தவங்க சொந்த மண்ணுக்குத் திரும்ப அதில் வழியில்லை.

இனி எங்கேயாவது ‘உங்க பாதுகாப்புக்குத்தான்’னு ஒரு படை வந்து இறங்கினதா நியூஸ் படிச்சா, ரெண்டே கேள்வி கேளுங்க ஃப்ரெண்ட்ஸ். ஊர்க்காரங்களைக் கேட்டாங்களா? ‘கிளம்புங்க’ன்னா கிளம்புவாங்களா?